ஏழாவது புகார்

படிவத்தில் மொத்தம் அறுபத்து நாலு கேள்விகள். அதில் ஹபீபுர் ரஹ்மானுக்குப் புரிந்தவை பெயர், முகவரி, கைபேசி எண் ஆகிய மூன்றுதான். மற்ற அறுபத்தொன்றும் அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டன.

"உங்கள் சுரங்கத்துக்கு அருகில் பழங்குடி மக்கள் வசிக்கிறார்களா?" என்று கேட்டது பதினோராவது கேள்வி. அவருடைய கடை மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடியில் இருக்கிறது. இதில் சுரங்கம் எங்கே என்று அவர் நிஜமாகவே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "நிர்வாகக் குழுவில் பெண்கள் எத்தனை சதவீதம்?" என்று இன்னொரு கேள்வி. கடையில் நிர்வாகம் என்றால் அவர் ஒருவர்தான். வீட்டில் என்றால் நூறு சதவீதமும் அவருடைய மனைவி. எதை எழுதுவது என்று தெரியாமல் ஐம்பது என்று போட்டார்.

ஹபீப் பாய் செய்வது பழைய பேட்டரி வியாபாரம். தி.நகர், ராயப்பேட்டை பக்கத்து செல்போன் ரிப்பேர் கடைகளில் உயிர் போன பேட்டரிகள் மூட்டை மூட்டையாக அவரிடம் வரும். கடையில் மூன்று பெண்கள் அவற்றை ரகம் பிரித்து, முனைகளில் டேப் ஒட்டி, மிச்ச சார்ஜ் இறங்குவதற்காக உப்புத்தண்ணீர் வாளியில் இரண்டு நாள் ஊறப்போடுவார்கள். அப்படிச் செய்யாவிட்டால் லாரியில் போகும்போதே தீப்பிடிக்கும். ஊறிய சரக்கு அடையாறில் ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்குப் போகும். ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஆலை. அங்கே அதை அரைத்து லித்தியம், கோபால்ட் என்று பிரித்தெடுப்பார்கள். மின்சார வண்டிக்கு அதெல்லாம் உயிர்நாடி, நம் மண்ணில் அது அரிது, அதனால் உங்கள் கடைதான் நாட்டுக்குச் சுரங்கம் என்று கம்பெனிக்காரர் ஒருவர் சொன்னபோது ஹபீப் பாய்க்குப் பெருமையாகத்தான் இருந்தது. சுரங்கம் என்றால் படிவமும் சேர்ந்து வரும் என்று அவர் சொல்லவில்லை.

வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் இப்போது கேள்வி கேட்கிறார்களாம். சரக்கு யார் கை வழியாக வந்தது, அந்தக் கை நன்றாக இருக்கிறதா, தண்ணீர் எங்கே போகிறது, வேலை செய்கிறவர்களை மனிதர்களாக நடத்துகிறார்களா என்று. அதில் தேறாத கடையின் சரக்கைக் கம்பெனி இனி எடுக்காது. கம்பெனி எடுக்காவிட்டால் அந்த மூட்டைகளை வாங்க ஊரில் வேறு ஆள் கிடையாது. கடை மூடும். குல்சும், ஃப்ளோரன்ஸ், ரூபீனா மூவரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஹபீப் பாயும் ஐம்பத்திரண்டு வயதில் வேறு தொழில் தேடவேண்டியதுதான்.

சோதனைக்கு வந்தவள் ஜொவிட்டா, சாந்தோம்காரி, கம்பெனி நியமித்த தணிக்கையாளர். முதல் நாள் வந்து கையுறை, தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்த்தாள். பெண்கள் மூவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். மூவரும் ஒரே குரலில் "ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு முன் கம்பெனி கொடுத்திருந்த புகார்ப் பதிவேட்டைக் கேட்டாள். ஹபீப் பாய் அதைப் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் எடுத்துக் கொடுத்தார்.

"ஒரு புகாரும் இல்லையா பாய்?"

"எங்க கடையில புகாருக்கு வேலையே இல்ல மேடம். எல்லாம் ஒரே குடும்பம் மாதிரி."

"அதுதான் பிரச்சினையே," என்றாள் ஜொவிட்டா. "மூணு பேர் வேலை பாக்கற இடத்துல ஆறு மாசமா ஒண்ணுமே இல்லன்னா, ஒண்ணு அந்த நோட்டு எதுக்குன்னு அவங்களுக்குத் தெரியல. இல்லன்னா சொல்லப் பயப்படறாங்க. ரெண்டுக்குமே என் ஷீட்ல பூஜ்யம்தான். பன்னெண்டு நாள் கழிச்சு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வரேன். அப்பவும் இப்படியே இருந்தா என்னால உங்களைத் தேத்த முடியாது."

அவள் ஸ்கூட்டர் சந்து திரும்பியும் ஹபீப் பாய் வாசலிலேயே நின்றார். வாத்தியார் புகார் சொல்லாத பையன் நல்ல பையன், போலீசுக்குப் புகார் போகாத தெரு நல்ல தெரு என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார். புகார் இல்லாததே குற்றம் என்றால் உலகம் எப்போது தலைகீழானது? அவரிடம் யாரும் சொல்லவில்லையே.

அன்று சாயங்காலம் தி.நகரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷரஃபுதீனிடம் போய்ப் புலம்பினார். இருவரும் முப்பது வருஷப் பழக்கம்.

"அட, இதுக்கா மச்சான் மண்டைய உடைச்சிக்கினு கீற?" என்றார் ஷரஃபுதீன். "புகார்தான வேணும் அவங்களுக்கு? எழுதி வெச்சுடு."

"இல்லாத புகார இன்னான்னு எழுதறது?"

"எதுனா சின்னச் சின்னதா. ஒரு பத்து. ஆளுங்களையே எழுதச் சொல்லு, உன் கையெழுத்தா இருக்கக்கூடாது பாரு."

யோசனை பிரமாதமாகத்தான் தெரிந்தது. அவசரத்தில் எடுத்த எந்த யோசனைதான் அந்த நேரத்தில் மோசமாகத் தெரிந்திருக்கிறது!

மறுநாள் மூவரையும் உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். ப்ளஸ் டூ படித்தவள் ரூபீனா ஒருத்திதான், அதனால் எழுதும் வேலை அவளுக்கு.

"பொய்யா எழுதணுமா பாய்?" என்றாள் அவள்.

"பொய்ன்னா பொய் இல்லம்மா, சும்மா. ஃபேனு, டீ, அந்த மாதிரி. தேதி எல்லாம் முன்னபின்ன போட்டுக்க. பேர் போட வேணாம், 'பெயர் சொல்ல விரும்பவில்லை'ன்னு ஒரு கட்டம் கீது, அதுல டிக் அடிச்சுடு."

வயதில் மூத்தவள் குல்சும். ஏழு வருஷமாக அந்தக் கடையில் இருக்கிறாள், ஹபீப் பாய் அவளை அக்கா என்கிற அர்த்தத்தில் ஆபா என்றுதான் கூப்பிடுவார். அவள் டேப் சுருளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "எது வேணா எழுதலாமா?"

"எது வேணா எழுதுங்க ஆபா. நான் ஒண்ணும் கோச்சுக்க மாட்டேன். பொய்தான?"

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூவரும் நோட்டைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் வாசலில் நின்றுகொண்டு உள்ளே கேட்ட சிரிப்பை ரசித்தார். சாந்தோம் கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதுகிற மாதிரி ஃப்ளோரன்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நடுவில் கொஞ்ச நேரம் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மறுபடியும் சிரிப்பு.

எல்லாரும் போன பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஃபேன் கிறீச்சிடுகிறது. டீ ஆறிப்போய் வருகிறது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கையுறை ஆம்பளைக் கைக்கு வாங்கியது, விரல் தொளதொள என்கிறது. பலே என்று சொல்லிக்கொண்டே வந்தவர் ஏழாவதில் நின்றார்.

"பக்ரீத் முடிஞ்சு கடை திறந்த அன்னைக்கு உப்புத்தண்ணி வாளிப் பக்கத்துல இருந்து எழுந்தப்ப கண்ணு இருட்டிக்கிட்டு வந்து விழுந்துட்டேன். இது மாதிரி மூணு வாட்டி ஆயிருக்கு. சொன்னா வேற ஆள் வெச்சுடுவாங்கன்னு சொல்லல."

இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மூன்றாவது தடவையும் படித்தார். பொய் எழுதத்தான் சொன்னார். அதற்காக இவ்வளவு தத்ரூபமாகவா?

மறுநாள் ரூபீனாவைத் தனியாகக் கேட்டார். "இந்த ஏழாவது நெசமா?"

"நீங்கதான பாய் எதுனா எழுதுன்னீங்க."

"அதான் கேக்கறேன். நெசமா, பொய்யா?"

"எழுதச் சொன்னாங்க, எழுதினேன்." யார் சொன்னது என்று அவள் சொல்லவில்லை. ஃப்ளோரன்ஸிடம் கேட்டால் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. குல்சுமிடம் போய் நின்றார். அவள் டேப்பைக் கிழித்துக்கொண்டே, "நல்லா இல்லியா பாய்? அழிச்சுடச் சொல்லவா?" என்றாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. அதைப் பொய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பொய்க்காகக் கடை போய்விடும். மூன்று தடவை ஆள் மயங்கி விழுந்த இடத்தை எந்தத் தணிக்கையாளர் தேற்றுவார்? நிஜம் என்று வைத்துக்கொண்டால்... அதை வைத்துக்கொள்ளவே அவருக்குத் துணிவு வரவில்லை. பக்கத்தைக் கிழிக்க முடியாது, ஒவ்வொரு தாளிலும் எண்ணும் கம்பெனி முத்திரையும் இருந்தன. வெள்ளை மை பாட்டிலை எடுத்து நன்றாகக் குலுக்கினார். மூடியைத் திறக்காமலேயே மறுபடியும் மேசையில் வைத்தார்.

மற்றதெல்லாம் பொய்யாக இருந்தால் இதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டார். ஸ்டூலைப் போட்டு ஏறி நின்று ஃபேனைக் கவனித்தார். கிறீச்சிட்டது. வாசல் பக்கம் உட்காரும் அவருக்குத் தெருச் சத்தத்தில் அது கேட்டதே இல்லை. டீக்கடைப் பையன் முதலில் அவருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்து மூன்று கடைகளுக்கும் போய்விட்டுத்தான் உள்ளே போகிறான். கையுறையைப் போட்டுப் பார்த்தார், அவருக்கே பெரியது. கடைசியாகப் பின்பக்கக் கழிப்பறைக்குப் போனார். அவர் எப்போதும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவதால் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து வருஷமாகிறது. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டைகள்தான் இருந்தன. ஒரு ஓட்டையில் துப்பட்டாக் கிழிசலைக் கோத்துக் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து அவருக்கு வெட்கமாக இருந்தது.

பொய் சொல்லச் சொன்னால் ஒழுங்காகப் பொய்கூடச் சொல்லத் தெரியாதவர்களாக இருக்கிறார்களே!

அந்த பக்ரீத்தும் ஞாபகம் வந்தது. கடை திறந்த அன்று, பக்ரீத்துக்கு அறுத்த குர்பானிக் கறியை மூவருக்கும் டப்பாவில் கொண்டு வந்திருந்தார்; வந்திருந்தது குல்சும் மட்டும்தான். அவள் வாளிப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அதை வாங்கினாள், வாங்கின கையோடு விழுந்தாள். கறி தரையெல்லாம் சிதறியது. "குர்பானிக் கறி ஆபா, பாத்து நடக்க வேணாமா?" என்று கடிந்துகொண்டார். "தரை வழுக்கிடுச்சு பாய்" என்றாள் அவள். நெற்றியில் அடிபட்டிருந்தது. சிதறிய கறியையும் அவளே கூட்டி அள்ளினாள். ஆனால் விழுந்தது நிஜம் என்பதால் மயங்கித்தான் விழுந்தாள் என்று ஆகிவிடுமா? நடந்த ஒன்றை எடுத்துப் பொய்யாக ஜோடிப்பதும் உண்டுதானே? அன்று தொழுகையில்கூட அவருடைய மனம் நிற்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்தார். நேராக உள்ளே போய், வாளிக்குப் பக்கத்தில் குல்சும் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். அரை மணி கழித்துப் பெண்கள் வந்தபோது அவர் வாளியிலிருந்து பேட்டரிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அது என் எடம்," என்றாள் குல்சும்.

"இன்னைக்கு ஒரு நாள் என்னுது ஆபா."

தண்ணீரிலிருந்து தித்திப்பாக ஒரு வாசனை வந்துகொண்டிருந்தது, நகப்பூச்சு வாசனை மாதிரி. வாசலில் இருக்கும்போது இலேசாக அடிக்கும், அவருக்கு அது பிடிக்கவும் செய்யும். இங்கே அது மூக்கில் ஏறித் தொண்டையில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. முகத்துக்கு நேரே ஜன்னல். ஜன்னலில் பிளைவுட் பலகை.

அந்தப் பலகையை அடித்தது அவரேதான். போன வருஷம் பின்பக்கத்து வீட்டு சுப்பராமன் மாடியில் நின்று, "ஏதோ ஒரு வாசனை வர்றதே ரஹ்மான், ஆத்துல குழந்தைகள்லாம் இருமிண்டு இருக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவும் மரியாதையாகத்தான். அன்று மத்தியானமே ஆசாரியைக் கூப்பிட்டு ஜன்னலை அடைத்துவிட்டார் ஹபீப் பாய். படிவத்தின் இருபத்து மூன்றாம் கேள்விக்கு, "அக்கம்பக்கத்தாரிடமிருந்து புகார் வந்தது, ஒரே நாளில் தீர்த்து வைத்தோம்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு பதிலை மட்டும் தயங்காமல் எழுதினார். வாசனை அப்புறம் எங்கே போயிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பத்து மணிக்கு குல்சும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எழுந்துருங்க பாய், போதும்," என்றாள்.

"ஏன்?"

"நாங்க அரை மணிக்கு மேல உக்கார மாட்டோம். மூணு பேரும் மாத்தி மாத்திதான் உக்காருவோம்."

"எப்பலேர்ந்து?"

"பலகை அடிச்சதுலேர்ந்து," என்றாள் ஃப்ளோரன்ஸ். "பக்ரீத் முடிஞ்சு கடை திறந்த அன்னைக்கு நானும் ரூபீனாவும் லீவு. ஆபா ஒண்டியா உக்காந்துக்கினு இருந்துச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்தால் தெரிந்துகொண்டதாகிவிடும் என்று பயமோ, எழ மறந்தாரோ, அவருக்கே தெரியாது. பதினோரு மணிக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும்தான் எழுந்தார். ஃபேன் ஒரு பக்கம் போயிற்று, சுவர் இன்னொரு பக்கம் போயிற்று. ஃப்ளோரன்ஸ் பிடிக்காமல் போயிருந்தால் வாளி மேலேயே விழுந்திருப்பார்.

ஜொவிட்டா வந்தபோது கடை முதலாளி சந்தில் ஒரு கோணி மேல் தலை நனைந்து உட்கார்ந்திருந்தார். ரூபீனா அட்டையால் விசிறினாள். குல்சும் சோடாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜொவிட்டா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டை வாங்கி நின்றபடியே படித்தாள். ஏழாவதில் அவளும் நின்றாள். "பன்னெண்டு நாள் முன்னாடி காலியா இருந்த நோட்டு. இப்ப பத்துப் புகார், ஆறு மாசத் தேதி. இது என்ன பாய்? நிஜமா?"

இல்லை மேடம், எல்லாம் சும்மா என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

"பொய் எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன் மேடம்," என்றார். "இவங்க ஒண்ணுகூடப் பொய்யா எழுதல."

ஜொவிட்டா குல்சும் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு நான் கேட்டப்ப ஒரு குறையும் இல்லன்னீங்களேம்மா?"

"நீங்க நெசத்தக் கேட்டீங்க மேடம், பயமா இருந்துச்சு. பாய் பொய்தான கேட்டாரு. பொய்க்கு யாரு வேலைய உட்டுத் தூக்குவாங்க? அதான் தைரியமா எழுதிட்டோம்."

ஹபீப் பாய்க்கு அழுகை வந்தது. சோடாவைக் குடிக்கிற மாதிரி முகத்தை மறைத்துக்கொண்டார். ஏழு வருஷம் ஆபா ஆபா என்று கூப்பிட்டு, ஒரு தடவைகூடக் கேட்காமல் இருந்திருக்கிறார்.

"நீங்க சொல்லி எழுத வெச்சதையும் அறிக்கையில போடுவேன் பாய்," என்றாள் ஜொவிட்டா.

"போடுங்க."

"வாளி இனிமே ரூமுக்குள்ள இருக்கக் கூடாது. அந்தத் தண்ணியச் சாக்கடையில ஊத்தவும் கூடாது. நாப்பது நாள் டைம் தரேன். ஒவ்வொரு புகாருக்கும் என்ன செஞ்சீங்கன்னு எழுதணும். கடைசிக் கட்டத்துல அவங்களுக்குத் திருப்தியா இல்லையான்னு அவங்களே டிக் பண்ணணும்."

"அப்ப நான் பாஸா மேடம்?"

"இல்ல."

"ஃபெயிலா?"

"அதுவும் இல்ல." ஜொவிட்டா தன் தாளைப் புரட்டினாள். "இதுக்கு என் ஷீட்ல கட்டமே இல்ல பாய். நிஜமாவே எனக்குத் தெரியல. நாப்பது நாள் கழிச்சு மேல இருக்கறவங்க இந்த நோட்டப் பாத்து முடிவு பண்ணுவாங்க."

"சார்ஜ் இறக்கித் தரணும்னு சொன்னது கம்பெனிதான். எப்படி இறக்கறேன்னு ஒருத்தரும் கேட்டது இல்ல," என்றார் ஹபீப் பாய். "கம்பெனி மேல புகார் எழுத ஒரு நோட்டு கீதா மேடம்?"

ஜொவிட்டா தன் தாளை மறுபடியும் முன்னும் பின்னும் புரட்டினாள். "கேட்டுச் சொல்றேன்" என்றாள். அவளை அப்படிக் குழம்பிப் பார்த்ததில் ஹபீப் பாய்க்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

கட்டட உரிமையாளரின் காலைப் பிடித்து மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டார். வாளிக்கு மூடி வந்தது, பழைய தண்ணீரைச் சேர்த்து வைக்க டிரம் வந்தது, கம்பெனி வண்டியே அதை எடுத்துப்போக ஒப்புக்கொண்டது. மாடியில் காற்றுக்குக் குறைவில்லை, சுப்பராமன் வீட்டுக்கும் எதிர்த் திசை. பலகையைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தார். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளை அவரே திருகினார். டீ முதலில் உள்ளே போயிற்று. ஒன்பது புகார்களுக்கும் கடைசிக் கட்டத்தில் "ஆம்" விழுந்தது. ஏழாவது மட்டும் காலியாக இருந்தது.

முப்பத்தெட்டாம் நாள் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். குல்சும் கூரைக்கடியில் உட்கார்ந்து பேட்டரி துடைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கவசம், கையில் அளவான கையுறை.

"ஆபா, இது ஒண்ணுதான் பாக்கி. நாளன்னைக்கு மேடம் வராங்க."

குல்சும் கையுறையைக் கழற்றி, பேனாவை வாங்கிக்கொண்டாள். உடனே போடவில்லை. "காலையில எழுந்தா இன்னும் தலை சுத்துது பாய்," என்றாள். "முன்ன மாதிரி இல்ல. ஆனா சுத்துது. டாக்டர்கிட்ட போகல."

ஹபீப் பாய் நோட்டை அவள் பக்கம் நீட்டியபடி எதிரே உட்கார்ந்தார். பத்துக்குப் பத்து "ஆம்" இருந்தால் கடை பிழைக்கும் என்று முப்பத்தெட்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தவர் அவர். ஒரு "இல்லை" இருந்தால் மேலே இருக்கிறவர்கள் நோட்டை நம்புவார்களா, கடையைத் தூக்குவார்களா, அவருக்குத் தெரியவில்லை.

"கோச்சுக்க மாட்டேன்னு சொன்னீங்க இல்ல?" என்றாள் குல்சும்.

"சொன்னேன் ஆபா," என்றார்.

அவள் "இல்லை"யில் டிக் அடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.